மருத்துவமனைக்கும் விடுமுறையா?

ஒவ்வோர் ஆண்டும் பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் பொது விடுமுறை நாட்களின் பட்டியலை வெளியிட்டு விடுகிறது. 2025ஆம் ஆண்டிற்குத் தமிழக அரசு அறிவித்தவை 24 நாட்கள். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், நம்முடைய இரு பெருநாட்கள், முஹர்ரம், மீலாது எல்லாம் அதில் அடக்கம். பட்டியல் வந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகள், எந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாகிறது என்று கணக்கிடத் தொடங்கி விடுகிறார்கள். எந்தச் சட்டத்தின்கீழ் இந்த நாட்கள் அறிவிக்கப்படுகின்றன என்று கேட்பவர் இல்லை. அது 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். உண்டியல், கடன்முறி, காசோலை ஆகியவற்றிற்காக ஆங்கிலேயர் இயற்றிய சட்டம். அதன் 25ஆம் பிரிவு ஓர் அழகான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. உண்டியலின் தவணை பொது விடுமுறை நாளில் முடிவதாயிருந்தால், அதற்கு முந்திய வேலை நாளிலேயே முடிந்ததாகக் கொள்ள வேண்டுமாம்.

உண்டியலுக்கு இது பொருந்தும். நோய்க்கு இந்தச் சட்டம் தெரியாதே! பொங்கலன்று வர வேண்டிய பக்கவாதம், போகிக்கு முந்திய வேலை நாளிலேயே வந்துவிட்டுப் போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவரின் தந்தையாருக்கு நேர்ந்ததை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மெட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம்; ஏலத்தோட்டங்கள். அங்கே தோட்டத் தொழிலாளர்களுக்கு அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்து, சம்பள நாளில் வசூலிக்கும் சிறிய பலசரக்குக் கடை அவருடையது. தைப் பொங்கலின் மறுநாள். ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கடைப் பலகையை எடுத்து வைத்தவருக்கு வலக்கை விழுந்தது, வாய் கோணியது. மனைவியை அழைக்க முயன்றார், பெயர் வரவில்லை. தோட்டத்து ஜீப் ஒன்றில் ஏற்றி, வளைவு வளைவாக இறங்கி, கீழே கொண்டு வந்து சேர்க்கும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது.

முதலில் சேர்த்த இடத்தின் பெயரையும், அங்கிருந்து அனுப்பப்பட்ட இரண்டாவது இடத்தின் பெயரையும் நாம் எழுதப் போவதில்லை. எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும் கதை இது. முதல் இடத்தில் பணி மருத்துவர் இருந்தார். இளம் வயதினர், கண்கள் சிவந்திருந்தன, முந்தின நாள் காலையிலிருந்து இறங்காமல் நின்றவர் என்று செவிலியர் சொன்னார்களாம். தம்மால் இயன்றதைச் செய்தார். இரண்டாவது இடத்தில் தலையைப் படம் பிடிக்கும் கருவி இருந்தது. படமும் எடுத்தார்கள். ஆனால் அதைப் பார்த்து, இரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று முடிவு செய்து, மருந்தை ஏற்றலாமா கூடாதா என்று சொல்ல வேண்டிய நிபுணர் இல்லை. சொந்த ஊருக்குப் போயிருந்தார். தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் கண்ட நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்பது இன்று மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கணக்கு. நேரம் கடந்தால் அதே மருந்து ஆபத்தாகவும் முடியும். மூன்றாவது இடத்தை அவர்கள் அடைந்தபோது ளுஹருக்குப் பாங்கு சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

அவர் மௌத்தாகவில்லை, இன்றும் இருக்கிறார். வலக்கை எழவில்லை. தக்பீர் கட்டுவதற்கு இடக்கையால் வலக்கையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொள்கிறார். பேரப் பிள்ளைகளின் பெயர்கள் வாயில் வருவதில்லை. எல்லாரையும் ஒரே ஓசையால் அழைக்கிறார். பெரிய மகன் வளைகுடாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தான். கடன் வாங்கியவர்களின் கணக்கு தந்தையின் நினைவில் இருந்ததேயன்றி ஏட்டில் இல்லை; பாதிக்கு மேல் போயிற்று. மகளுக்குப் பேசி முடித்திருந்த நிக்காஹ் ஓராண்டு தள்ளி, பின்னர் வேறோரிடத்தில் நடந்தது. தாயாரோ அன்றிலிருந்து வெளியூர் போகவில்லை. ஒரு மைய்யித்துக்குக்கூடப் போக முடிவதில்லை. ஒரு நிபுணர் ஒரு காலைப்பொழுது இல்லாமற் போனதற்கு ஒரு குடும்பம் கட்டிய வட்டி இது. அந்த மாணவர் நம்மிடம் சொன்னது: "ஹழ்ரத், அத்தாவுக்கு வந்த நோயைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அது அல்லாஹ்வின் சோதனை. 'பொங்கல் முடிந்து வாருங்கள்' என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் தூங்க விடவில்லை."

அந்த இளம் மருத்துவரைக் குறைகூற நமக்கு நாவெழவில்லை. வந்திருந்தவர் அவர் ஒருவரே. ஆனால் உறவினரின் கோபமெல்லாம் எதிரில் நிற்பவர்மீதே பாயும். வராதவரின் சட்டையைப் பிடிக்க யாராலும் முடியாது.

ஏலமலைக் குடும்பங்களுக்கு இதில் இரட்டைத் துன்பம். மெட்டுக்கு அப்பால் ஒரு நாட்காட்டி, இப்பால் வேறொரு நாட்காட்டி. ஓணத்துக்கு அங்கே எல்லாம் அடைந்து கிடக்கும். கீழே இறங்கினால் ஆள் இருக்கும். பொங்கலுக்கு இங்கே வெறிச்சோடும். இடுக்கியிலும் அன்று உள்ளூர் விடுமுறை விடப்படுவதால் இரு பக்கமும் போக்கற்றுப் போகும். 2025ஆம் ஆண்டு சனவரி 17ஆம் தேதியையும் தமிழக அரசு விடுமுறையாக்கியதால், 14 முதல் 19 வரை ஆறு நாட்கள் அரசு அலுவலகங்கள் தொடர்ச்சியாக மூடியிருந்தன. ஊர் திரும்பும் மக்கள் மகிழ்ந்தார்கள், நாமும் மகிழ்ந்தோம். ஆனால் தையிலும் ஏலக்காய் எடுப்பு முழுவதும் ஓய்ந்து விடுவதில்லை. பாம்பும் மழைவழுக்கலும் விடுமுறை எடுப்பதில்லை. தோட்டத்து ஜீப்புகள் அந்த நாட்களில்தான் நிரம்பி வழிகின்றன.

அவசரப் பிரிவின் கதவு எந்நாளும் திறந்தே இருக்கிறது என்று அதிகாரிகள் விடையளிப்பார்கள். உண்மை, மறுக்கவில்லை. தேனி தனி மாவட்டமான பிறகு, 2004இல் க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது இம்மக்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. விபத்துக்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் தனித்தனியே திட்டங்கள் வகுத்திருக்கிறார்கள். நம் வினா ஒன்றுதான். திட்டத்தாளில் உள்ள பெயர் பொங்கலன்று கட்டடத்தில் இருக்கிறதா? 'அழைத்தால் வருவார்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அழைத்தால் வருபவர் எத்தனை கல் தொலைவில் இருக்கிறார் என்று எழுதி வைக்கவில்லை. அறுவை மருத்துவர் இருந்து மயக்க மருந்து கொடுப்பவர் இல்லையென்றால், கத்தி இருந்து கை இல்லாதது போலத்தான்.

இயலாத காரியத்தைக் கேட்கிறோமா? இல்லை என்பதற்கு அரசே சான்று. மகப்பேற்றுக்கும் பச்சிளங் குழந்தைக்கும் இரவு பகல் பாராது அவசர சிகிச்சை தரும் 'சீமாங்க்' மையங்களை இந்த மாநிலம் ஏற்படுத்தியது. மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், குழந்தை மருத்துவர் மூவரும் முறைவைத்து எந்நேரமும் கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிரசவத்தில் தாய்மார் இறப்பது நாட்டிலேயே குறைவாயுள்ள மாநிலங்களுள் தமிழகமும் ஒன்றாக நிற்பதற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம். தாய்க்குச் செய்ய முடிந்ததைத் தந்தைக்குச் செய்ய முடியாதா?

இன்னொரு சான்றும் நம் மலையிலேயே இருக்கிறது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, மலையேற்றம் வந்திருந்த பெண்களும் ஆண்களும் சிக்கிக்கொண்டார்கள். 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கருகிய உடல்களையும் உயிரிருந்தவர்களையும் மலைமக்கள் இரவோடிரவாகச் சுமந்து இறக்கினார்கள். போடியிலும் தேனியிலும் முதலுதவி, பிறகு மதுரைக்கு. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, அமைச்சர்கள் வந்தார்கள், மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். வந்தவர்களை நாம் வாழ்த்துகிறோம். நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாளாகிவிடும் என்று அன்று தெரிந்துகொண்டோம். ஒரே ஒரு ஜீப்பில் ஒரே ஒரு கிழவர் இறங்கி வரும்போது யார் பார்க்கிறார்கள்?

இது நம் ஊரின் நோய் மட்டுமன்று. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1988 முதல் 1997 வரை அவசரமாகச் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 38 இலட்சம் நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்து, 2001இல் இரு மருத்துவர்கள் முடிவை வெளியிட்டார்கள். இறப்புக்குக் காரணமான முக்கிய நோய்கள் நூற்றில் 23இல், வார இறுதி நாட்களில் சேர்ந்தவர்கள் அதிகமாக இறந்திருந்தார்கள். இங்கிலாந்தில் இதே வாதம் முற்றி, 2016இல் இளம் மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கும் அளவுக்குப் போயிற்று. விடுமுறை நாளில் வருபவர்கள் ஏற்கெனவே நோய் முற்றியவர்கள், அதனால்தான் அதிகம் இறக்கிறார்கள் என்று மறுப்போரும் உண்டு. அந்த வழக்கை அறிஞர்கள் நடத்தட்டும். நமக்கு அவ்வளவு நுண்கணக்கு வேண்டியதில்லை. எடுத்த படத்தைப் பார்க்க ஆளில்லை என்பதை அறிய எந்தப் புள்ளிவிவரமும் தேவையில்லை.

சட்டமும் நம் பக்கமே இருக்கிறது. ஹகீம் ஷேக் என்ற ஏழை உழவுத் தொழிலாளி, 1992ஆம் ஆண்டு சூலை 8ஆம் தேதி மேற்கு வங்கத்தின் மதுராபூர் நிலையத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்கிக் கல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனைகள் வரை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். வசதியில்லை, படுக்கையில்லை என்ற விடையே கிடைத்தது. இறுதியில் தனியார் மருத்துவமனையில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. உரிய நேரத்தில் சிகிச்சையளிக்காத அரசு மருத்துவமனை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழங்கும் உயிர்வாழும் உரிமையையே மீறுகிறது என்று 1996இல் தீர்ப்பாயிற்று. 25,000 ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது. பணமில்லை என்று அரசு தப்பித்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். எந்த மருத்துவமனையில் இடமும் வசதியும் இருக்கிறது என்பதை ஓரிடத்திலிருந்தே அறிய ஒரு தகவல் ஏற்பாடு வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் வழிகாட்டுதல்களுள் ஒன்று. படுக்கைக்குச் சொன்னது நிபுணருக்கும் பொருந்தாதா? இன்ன விடுமுறை நாளில் இன்ன நோய்க்குரிய நிபுணர் இன்ன இடத்தில் இருக்கிறார் என்ற பட்டியல் 108 வண்டியின் கட்டுப்பாட்டு அறையில் இருந்திருந்தால், நம் மாணவரின் தந்தை மூன்று வாசல்களை மிதித்திருக்க வேண்டியதில்லை. நேரே உரிய வாசலுக்கே போயிருப்பார். அந்தப் பட்டியலில் எல்லைக்கு அப்பாலுள்ள மருத்துவமனைகளும் இருக்க வேண்டும். ஏலமலைக்காரனின் நோய் மாநில எல்லையில் நின்று சீட்டுக் காட்டிவிட்டு வருவதில்லை.

"மருத்துவரும் மனிதர்தாமே, அவருக்கும் மனைவி மக்கள் இல்லையா, அவர் பண்டிகை கொண்டாடக் கூடாதா?" என்று கேட்பார்கள். கொண்டாட வேண்டும். அதை மறுப்பவன் மனிதனல்லன். ஓய்வு மனிதருக்கு உரியது, பணியிடத்துக்கு உரியதன்று. இந்த வேறுபாட்டை நாம் மேனாட்டுப் புத்தகத்தில் படிக்கவில்லை. தொழுகைப் பாடத்தில் படித்தோம். போர்க்களத்தில் தொழுகை நேரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதைத் திருமறையின் நான்காம் அத்தியாயம் விளக்குகிறது. ஒரு கூட்டம் இமாமின் பின்னே நிற்கும். மற்றொரு கூட்டம் ஆயுதம் தாங்கிக் காவல் நிற்கும். பிறகு இவர்கள் அங்கே, அவர்கள் இங்கே. நம் மதரஸாக்களில் ஸலாத்துல் கவ்ஃப் என்று ஓதிக் கொடுக்கும் பாடம் இது. அதை நிறைவேற்றும் விதத்தில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் வேறுபடுவார்கள். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். காவலை வெறுமையாக விடலாம் என்று சொன்ன இமாம் ஒருவருமில்லை. அல்லாஹ்வின் முன்னால் நிற்பதற்கே முறைவைத்துக்கொள் என்று கட்டளை வந்திருக்கும்போது, பொங்கலுக்கும் பெருநாளுக்கும் முறைவைக்க மாட்டோம் என்பது என்ன நியாயம்?

ஜும்ஆவைப் பாருங்கள். பாங்கு கேட்டதும் வணிகத்தை விட்டுவிட்டு வரச்சொன்ன அதே இறைமறை, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று பிழைப்பைத் தேடச் சொல்கிறது. நாள் முழுதும் கதவடைக்கும் நாள் ஒன்று நம் மார்க்கத்தில் விதிக்கப்படவேயில்லை.

நம் முன்னோர் இதை ஏட்டளவில் நிறுத்தவில்லை. டமாஸ்கஸில் நூருத்தீன் கட்டிய மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக் குணமான கலாவூன் என்ற தளபதி, பின்னாளில் எகிப்தின் சுல்தானானபோது, ஹிஜ்ரி 683இல், அதாவது 1284இல், கெய்ரோவில் ஒரு பீமாரிஸ்தானை எழுப்பினார். ஆண், பெண், ஏழை, செல்வர், உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் அது திறந்திருந்தது. அதற்கு அவர் எழுதி வைத்த வக்ஃபுச் சாசனத்தில் மருத்துவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரவுதோறும் அவர்கள் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். எல்லாரும் சேர்ந்தோ, தமக்குள் முறைவைத்துக்கொண்டோ. 'முதனாவிபீன்' என்ற அந்த ஒரு சொல்லில் இன்றைய நம் கோரிக்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. மின்விளக்கும் தொலைபேசியும் இல்லாத காலத்துச் சுல்தான் அது. நம் காலத்தில் 'அழைத்தால் வருவார்'.

அரசை மட்டும் சாடிவிட்டு எழுந்துபோனால் நாம் பாதி வேலையே செய்தவர்களாவோம். நம் வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டியவை உண்டு. பெருநாளன்று வாப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிறது என்றால், "வீடு நிறைய விருந்தாளிகள், பெருநாள் கழியட்டும்" என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறவர்கள் யார்? மூன்றாம் நாள் மைய்யித்தை அடக்கிவிட்டு, "அல்லாஹ்வின் நாட்டம்" என்று கைகழுவுகிறவர்கள் யார்? கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின்பால் செல்வதாக அவர்கள் விடையளித்தார்கள். கத்ரை நம்பியவர் செய்தது அது. சோம்பலுக்குக் கத்ர் என்று பெயர் சூட்டிக்கொள்வது நாம்.

பிறை விவகாரத்தையும் சொல்லத்தான் வேண்டும். இரவு எட்டு மணிவரை நாளை பெருநாளா, நாளை மறுநாளா என்று தெரியாது. இஸ்லாமிய மருத்துவர் எந்த நாளுக்கு விடுப்பு எழுதுவார்? இரண்டு நாளுக்கும் எழுதிவிடுகிறார். இதைத் தீர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. இப்போதைக்கு இதற்குமேல் எழுதினால் கட்டுரை வேறு திக்கில் போய்விடும்.

மருத்துவம் கற்பதைப் பர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். ஊரில் சிலராவது செய்தால் எல்லாரும் தப்பினார்கள். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளிகள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதபோது, எல்லாரும் சட்டச் சர்ச்சைப் படிப்பிலேயே போய் மொய்க்கிறார்களே என்று 900 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் மனம் வெதும்பினார்கள். சர்ச்சைப் படிப்பில் வளர்ந்த நமக்கு அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். படித்தபின் மலையடிவாரத்தில் தங்குகிறவர் எத்தனை பேர்?

நம் நாட்டுக்கு இறைவன் ஒரு வசதியைச் செய்து தந்திருக்கிறான். இங்கே எந்தப் பண்டிகையும் எல்லா மருத்துவருக்கும் பண்டிகையன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம் பிள்ளைகள் காவல் நிற்கட்டும். கிறிஸ்துமஸுக்கு இந்துச் சகோதரர் நிற்கட்டும். நம் பெருநாளுக்கு அவர்கள் நிற்கட்டும். பல மருத்துவமனைகளில் மருத்துவர்கள் தமக்குள் பேசிக்கொண்டு அன்பினால் இதைச் செய்துதான் வருகிறார்கள். அன்பினால் நடப்பதை ஆணையாக்குங்கள் என்கிறோம். நின்றவருக்கு ஈடு விடுப்பைத் தாமதமின்றிக் கொடுங்கள். மருத்துவமனை வளாகத்திலேயே குடும்பத்தோடு தங்க நல்ல வீடு கொடுங்கள்; மழைக்கு ஒழுகும் குடியிருப்பைக் காட்டிவிட்டு நிபுணர் தங்கவில்லையே என்று நொந்துகொள்ள அரசுக்கு உரிமையில்லை. முறைப்பட்டியலைப் பெயரோடு வாசலில் ஒட்டுங்கள்.

ஷாதி மஹாலுக்குக் குளிர்சாதனம் வைக்கக் கூடும் ஜமாஅத்துகள், விடுமுறை நாட்களில் மலையிலிருந்து நோயாளியை இறக்க ஒரு வண்டியும் ஓட்டுநரும் வைத்துக்கொள்ளக் கூடாதா? அவ்வண்டியில் எந்தச் சமயத்தவரும் ஏறலாம் என்று சொல்லித்தான் வைக்க வேண்டும். ஏலத்தோட்டத்தில் நம் வீட்டுப் பெண்ணோடு ஒரே வரிசையில் நின்று காய் எடுப்பவள் வேறு சமயத்தவளாக இருப்பாள்.

இதை நம் மஹல்லாக் கூட்டத்தில் பேசினோம். "ஹழ்ரத், இது அரசாங்கத்து வேலையல்லவா?" என்றார் ஒரு பெரியவர். ஆம் என்றோம். அரசிடம் கேட்பதும் நம் வேலைதான் என்றோம். மனு எழுதிக் கொடுத்தாயிற்று. பள்ளிவாசலில் தொழுகை நேரம் எழுதும் பலகையின் அடியில் ஒரு கோடு கிழித்து, 'அடுத்த விடுமுறை நாளில் பணியிலிருக்கும் நிபுணர்' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு வைத்தோம். முஅத்தின் அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் நேரங்களைத் திருத்தி எழுதுகிறார்கள். கோட்டுக்குக் கீழே எழுத இன்னும் யாரும் ஒரு பெயர் சொல்லவில்லை.